மொட்டை மாடியில் எட்டு வருடம் கிடந்த பிளாஸ்டிக் சாமான்கள்

2016-ல் மதுரையில் வீடு கட்டிக் குடிவந்தோம். மாடியில் நிழலுக்கு ஒரு மரக்கிளைகூடக் கிடையாது. துணிக் கிளிப், நாற்காலி, வாளி, பைப், தண்ணீர் டேங்க் எல்லாமே அந்த வெயிலில்தான் கிடந்தன. எட்டு வருடம் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: பிளாஸ்டிக்கின் நிறத்தை வைத்து அதன் பலத்தைக் கணக்குப் போடக் கூடாது.

முதலில் போனது கிளிப்புகள். அடுத்த சித்திரைக்குள் பாதி உடைந்துவிட்டது. நீலம் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான். துணியை எடுக்க அழுத்தினால் முனை கையோடு வரும். மேல்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் கோலமாவு மாதிரி உதிர்ந்தது. உடைந்த வாயைப் பார்த்தால் உள்ளே மட்டும் வாங்கிய நாளின் நீலம் அப்படியே இருந்தது.

இந்த மாதிரி கிளிப், நாற்காலி எல்லாம் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். தேங்காய் நார்க் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நார் நீளமாக இருக்கும்வரைதான் முறுக்கு நிற்கும். விரல் நீளத்துக்கு வெட்டிவிட்டு எவ்வளவு திரித்தாலும் கயிறாகாது. பிளாஸ்டிக்கிலும் நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடப்பதால்தான் பலம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் சங்கிலியில் ஓர் இடம் அறுந்து, காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அங்கே ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது என்று தொடர்ந்து சங்கிலிகள் துண்டாகின்றன. சூடு கூடினால் இன்னும் வேகம். இதெல்லாம் மேல்தோலில்தான் ஆரம்பிக்கும். ஆனால் அங்கே விழுகிற மயிரிழை விரிசல் ஒரே அழுத்தத்தில் நல்ல பகுதியையும் பிளந்துகொண்டு போய்விடும்.

இதைத் தெரிந்துகொள்வதற்குள் அம்மா விழுந்துவிட்டார். வடகம் காயவைக்கப் போனவர் மாடியில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார், பின்கால் இரண்டும் விரிந்து முறிந்தன. நல்லவேளை, கையில் சிராய்ப்போடு போயிற்று. பார்வைக்கு அந்த நாற்காலியில் ஒரு குறையும் இல்லை. எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் அதுதான். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் வெயிலில் கிடந்த நாற்காலியைத் தயவுசெய்து உட்காரக் கொடுக்காதீர்கள்.

பைப் கதை நேர்மாறானது. சுவரோரம் போகும் வெள்ளை பிவிசி பைப் நான்கு வருடத்தில் பழுப்பு மஞ்சளாகிவிட்டது. பிளம்பர் அண்ணன் கிளாம்பைக் கழற்றியபோது, மோதிரம் கழற்றிய விரல் மாதிரி அதன் அடியில் மட்டும் வெள்ளை வளையம். மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். ஒரு துண்டை அறுத்துக் காட்டி, "வெயில் தோலைத்தான் தின்னுருக்கு சார், உள்ள நல்லாருக்கு" என்றார். மஞ்சள் பகுதி நகத்தின் கனம்கூட இல்லை.

பிவிசி வெயிலில் ஹைட்ரஜன் குளோரைடை இழக்கும். இழந்த இடங்களில் கார்பன் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உண்டாகும். அந்த வரிசை நீண்டால் நீல ஒளியை உறிஞ்சும், நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். தண்ணீர் அழுத்தத்தைப் பைப் தாங்கும், ஆனால் அடி பட்டால் முன்னைவிடச் சீக்கிரம் விரிசல் விடும். அதனால் வெளிர் நிறத்தில் தண்ணீர் கலக்கும் எமல்ஷன் பெயின்ட் அடித்துவிட்டேன். தின்னர் கலக்கும் பெயின்ட் பிவிசிக்கு ஆகாது.

கருப்பு டேங்க் மட்டும் இன்றுவரை கல் மாதிரி நிற்கிறது. அதில் கலந்திருக்கும் கார்பன் கரி, கதிரை மேலேயே உறிஞ்சி உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. வெளியில் போடும் பாலிஎத்திலீன் தண்ணீர்க் குழாய்களில் இரண்டு, மூன்று சதவீதம் கரி சேர்ப்பதும் இதற்குத்தான். மற்ற நிறங்களில் வாங்கினால் யூவி ஸ்டெபிலைஸர் (புற ஊதாக் கதிரைத் தாங்க வைக்கும் மருந்து) சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். அந்த மருந்தும் வருடக்கணக்கில் வெயில் பட்டால் தீர்ந்துபோகும்.

இப்போது துணிக்கு எவர்சில்வர் கிளிப். நாற்காலி மாடிப்படி அறைக்குள். மற்றதையெல்லாம் மாதம் ஒருமுறை கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறேன். மாவு ஒட்டினால் அதன் மேல் பாரம் வைப்பதில்லை. நேற்று வாளியின் கைப்பிடி மாட்டும் காதில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கீழே இறக்கிவிட்டேன், இனி அதில் செடிக்கு மண்தான்.