மூன்று வருஷமாக அல்ட்ராசோனிக் ஹோல்டர்: 70 சதவீதம் என்றால் எதில் 70?

ஓசூரில் இருந்து ஒரு தம்பி போன வாரம் கேட்டிருந்தார்: "அண்ணா, செராமிக் ஜாப் வருது, அல்ட்ராசோனிக் ஹோல்டர் எடுக்கலாமுங்களா?" ரிப்பேருக்குப் போன என் ஹோல்டர் ஏழு வாரம் கழித்து அன்றைக்குத்தான் கோவைக்குத் திரும்பி வந்திருந்தது. பெட்டியைப் பிரித்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜெனரேட்டர் அனுப்பும் மின்சாரத்துக்கு ஹோல்டருக்குள் பீசோ வட்டுகள் விரிந்து சுருங்கும், நுனியில் சுழலும் டைமண்ட் டூல் அதோடு 20 கிலோஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு இருபதாயிரம் தடவை, மேலும் கீழும் அதிரும். என்னுடையது ஏற்கெனவே இருந்த விஎம்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் செங்குத்து மில்லிங் மெஷின்) மாட்டிய பிடி40 அளவு ஹோல்டர். வேலை இரண்டே வகை: 99.5 சதவீத அலுமினா பிளேட்டில் 6 மி.மீ. துளைகள், பம்ப் சீலுக்கான சிலிக்கான் கார்பைடு வளையங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 12 மி.மீ. அலுமினாவில் சாதாரண கோர் டிரில் (குழாய் மாதிரி இருக்கும் டைமண்ட் டூல்) போட்ட காலத்தில், டூல் அடிப்பக்கம் வெளியே வரும் இடத்தில் விளிம்பு உதிரும். அடியில் கண்ணாடித் துண்டை மெழுகு வைத்து ஒட்டியும் முழுசாக நிற்கவில்லை. மூன்று துளைக்கு ஒரு தடவை டூல் மழுங்கும், அதைக் கூராக்க டிரெஸ்ஸிங் குச்சியைத் தேடுவோம். இப்போது இருபது துளை வரைக்கும் குச்சியைத் தொடுவதில்லை. டூலில் பதிந்த டைமண்ட் துகள் விட்டு விட்டு மோதுவதால் அதன் முனை நுணுக்கமாக உடைந்து தானே கூராகிக்கொள்கிறது, இடைவெளியில் கூலன்ட் உள்ளே போய்த் தூளைக் கழுவி வருகிறது. ஸ்பிண்டில் லோடு குறைந்ததை மீட்டரிலேயே பார்க்கலாம். உதிர்வு நகத்தால் தடவினால்தான் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. கண்ணாடியும் மெழுகும் மட்டும் இன்றைக்கும் வைக்கிறோம், அதை விட்டுவிட முடியவில்லை.

முதல் நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஸ்பிண்டில் நின்றிருந்தது, ஜெனரேட்டர் மட்டும் ஆன். இங்க் ஃபில்லரால் ஒரு சொட்டுத் தண்ணீரை டூல் நுனியில் தொங்கவிட்டேன். கண்ணுக்கு டூல் அசையவே இல்லை. சொட்டு ஒரு கணம் நடுங்கியது, அப்புறம் அப்படியே பனிப்புகையாகச் சிதறிப்போனது. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் பையன் "இன்னொருக்கா காட்டுங்கண்ணா" என்றான். அவனுக்காக நாலு தடவை காட்டினேன்.

சுற்று வேகத்தை ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். தப்பு. 5 மைக்ரான் வீச்சில் (நடுவிலிருந்து ஒரு பக்கம் ஆடும் தூரம்) 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஆடும் துகளின் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 0.63 மீட்டர். 6 மி.மீ. டூலை 3,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் விளிம்பு வேகம் 0.94 மீட்டர். 10,000க்குக் கொண்டுபோனால் 3.14. அப்போது துகள் போகிற தடம் அலையாக இல்லாமல் கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும், காசு கொடுத்து வாங்கிய அதிர்வால் பலன் குறைந்துவிடும். வேகத்தைக் குறைத்த அன்றைக்குத்தான் இந்த ஹோல்டர் எனக்கு வசப்பட்டது.

இந்தக் கணக்குக்கு வீச்சு எத்தனை மைக்ரான் என்று தெரிய வேண்டும். அதை என் ஜெனரேட்டர் காட்டுவதே இல்லை. "70%" என்று காட்டுகிறது. எதில் எழுபது? அது உள்ளே அனுப்புகிற பவரின் அளவு, நுனி எவ்வளவு ஆடுகிறது என்பது அல்ல. டூலை 5 மி.மீ. கூடுதலாக நீட்டிப் பிடித்தால் ஒரு ஆட்டம், தேய்ந்து குட்டையானால் வேறு ஆட்டம், டூலைக் கவ்வும் கோலெட் நட்டின் இறுக்கம் மாறினால் இன்னொன்று. திரையில் எப்போதும் எழுபதுதான். சுழலும் அல்ட்ராசோனிக் டூலை பிரிட்டன் அணுசக்தி ஆணையத்தில் பெர்சி லெக் 1964இல் கொண்டுவந்தார். அறுபது வருஷத்துக்கு அப்புறம் நான் வாங்கிய பெட்டியில் மைக்ரானுக்கு ஓர் எண் இல்லை. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதனால் நாங்களே வழி கண்டுபிடித்தோம். டூல் மேக்கர் மைக்ரோஸ்கோப்பை ஒட்டி ஒரு ஸ்டாண்டு அடித்து, ஹோல்டரை அதில் படுக்க வைத்து ஆன் செய்வோம். டூல் ஓரத்தில் மினுங்குகிற ஒரு டைமண்ட் துகளைக் குறிவைத்தால், நிற்கும்போது புள்ளி, ஆடும்போது கோடு. கோட்டின் நீளத்தில் பாதிதான் வீச்சு. டூல் நம்பர், நீட்டிய நீளம், ஹெர்ட்ஸ், கோடு என்று ஒவ்வொரு டூலுக்கும் நோட்டில் எழுதுகிறோம். டூல் தேயத் தேய ஹெர்ட்ஸ் ஏறும். நம்பக்கூடிய எண் திரையில் அது ஒன்றுதான்.

இத்தனை செய்தும் சீல் வளையங்களில் ஒரு லாட் போனது. அன்றைக்கு டூல் மாற்றியதும் மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோகவில்லை, அவசரம். பாதி லாட்டில் பையன் கூப்பிட்டான்: "அண்ணா, சத்தம் மாறுதுங்க." மெல்லிய கீச்சு. நிறுத்தி நட்டைத் தொட்டால் கை சுட்டது. வளைய விளிம்பெல்லாம் பல் பல்லாக உதிர்ந்திருந்தது. திரையில் எழுபது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போடாமல் இறுக்கியது எங்கள் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதிர்வு நுனிக்குப் போகாமல் இணைப்பிலேயே சூடாக மாறியிருக்கிறது. பீசோ வட்டும் ஒரு செராமிக்தான். இழுவை தாங்காது என்றுதான் நடு போல்ட்டால் அழுத்தியே வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மேல் சூடானால் அதன் துருவத்தன்மை (மின்சாரத்துக்கு விரிந்து சுருங்க வைப்பது அதுதான்) போய்விடும். அதற்குப் பிறகு ஹெர்ட்ஸ் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

விற்றவர்களைக் கேட்டேன். "டிஸ்ப்ளே நார்மலாத்தானே சார் இருந்துச்சு?" என்றார்கள். நான் கேட்டதே அதைத்தான்! சீல் வைத்த யூனிட், இங்கே பிரிக்கக் கூடாது என்று அனுப்பச் சொல்லி, வேலையில்லாமல் ஏழு வாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துளைச் சுவர் நன்றாக வருகிறது, ஆனால் பாக்கெட் (அடி மூடிய பள்ளம்) அடித்தால் அடித்தளம் மங்கலாக, அடி வாங்கியது போலத்தான் வரும். அங்கே துகள் செங்குத்தாக மோதுகிறது. சீல் முகத்துக்கு லேப்பிங் (நுண்ணிய தூளால் தேய்த்து வழவழப்பாக்குவது) போட்டே ஆக வேண்டும், அந்தச் செலவு குறையாது.

தம்பி, இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேலே எழுதிய நல்லதெல்லாம் உண்மை, பழைய முறைக்கு நானும் திரும்பப் போவதில்லை. ஆனாலும் வேண்டாம். மீறி டெமோவுக்குப் போனால் உன் டூலையே கொண்டுபோ. அவர்கள் டூலில் காட்டுவதை நம்பாதே. நீ நீட்டிப் பிடிக்கிற நீளத்தில் மாட்டச் சொல்லி, வீச்சு எத்தனை மைக்ரான் என்று கேள். சதவீதத்தில் பதில் வந்தால் எழுந்து வந்துவிடு.

சாயங்காலம் ஹோல்டரை மறுபடி மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். அதே டூல், அதே நீளம், திரையில் அதே 70. ரிப்பேருக்கு முன் 11 மைக்ரான் இருந்த கோடு இப்போது 9. அதை நோட்டில் எழுதிவிட்டு, நாளைய வளையங்களுக்கு ஃபீடை (டூல் முன்னேறும் வேகத்தை) குறைத்து வைத்திருக்கிறேன்.