ஸ்டிக்கரா, பதிவா, தினக் கட்டணமா? காரில் வரும் பயணியை ஐரோப்பிய நகரங்களின் புகை மண்டலங்கள் நடத்தும் விதம்

2007-ல் பதிவான ஒரு பெட்ரோல் கார். 2013-ல் பதிவான, யூரோ-5 தரத்து டீசல் கார் ஒன்று. பார்த்தால் இரண்டாவதுதான் புதுசு. ஆனால் லண்டனில் பெட்ரோல் காருக்குப் புகைக் கட்டணம் கிடையாது; டீசல் காருக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. கிளாஸ்கோ நடுநகருக்குள் அந்த டீசல் கார் நுழையவே கூடாது. மிலானின் ஏரியா பி என்ற புகை மண்டலத்திலும் வார நாட்களின் பகல் நேரத்தில் அதற்குத் தடை. பெர்லினுக்குப் போனால் இரண்டுக்கும் ஒரே பச்சை ஸ்டிக்கர். பாரிசிலும் இரண்டும் ஒரே வகுப்பு, இரண்டாம் எண்.

அதிகப் புகை விடும் கார்களைத் தடுக்கும், அல்லது அவற்றிடம் கட்டணம் வாங்கும் நகரப் பகுதிதான் புகை மண்டலம். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒவ்வொரு நகரமும் வேறு வேறு புகையை அளப்பதுதான். ஜெர்மனி தன் மண்டலங்களை 2008-ல் தொடங்கியபோது குறிவைத்தது நுண்துகளை. அதனால் யூரோ-4 டீசலே பச்சை வாங்கிவிடுகிறது. லண்டன் பார்ப்பது நைட்ரஜன் ஆக்சைடை. பெட்ரோல் யூரோ-4 காருக்கு அதன் உச்சவரம்பு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம். டீசலில் யூரோ-5க்கு 180. யூரோ-6 வந்த பிறகுதான் டீசலும் 80-க்கு இறங்கியது. ஆகவே லண்டனின் எல்லை பெட்ரோலுக்கு யூரோ-4, டீசலுக்கு யூரோ-6. (யூரோ-4, யூரோ-6 என எண் பின்னால் வந்தால் புகைத் தரம், எண் முன்னால் வந்தால் பணம்.)

உங்கள் காரின் தரம் எது என்பதை ஊகிக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பதிவுச் சான்றிதழில் வி.9 (V.9) என்ற கட்டத்தைப் பாருங்கள். எரிபொருள் P.3 என்ற கட்டத்தில் இருக்கும், முதல் பதிவு நாள் B என்ற கட்டத்தில். வி.9 காலியாக இருந்தால் பெரும்பாலான நகரங்கள் முதல் பதிவு நாளை வைத்தே தரத்தை முடிவு செய்கின்றன. புதிய தரம் கட்டாயமான தேதிக்குச் சில மாதங்கள் முன்பே நல்ல தரத்தோடு வந்த கார்களுக்கு இதனால் நஷ்டம். அப்படிப்பட்ட கார் என்றால் தயாரிப்பாளரிடம் இணக்கச் சான்று வாங்கிக் கையில் வையுங்கள்.

கார் சுத்தமாக இருந்தால் கவலை இல்லை என்று நினைப்பதுதான் பயணிகள் செய்யும் முதல் தவறு. வந்து சேரும் அபராதங்களில் பல, புகை தரத்துக்குள் இருந்த கார்களுக்கு வந்தவை. அந்த நகரத்துக்கு வெளிநாட்டுப் பதிவெண்ணின் விவரம் தெரியாது. தெரியப்படுத்தும் பொறுப்பு ஓட்டுபவருடையது. எனவே ஒரு மண்டலம் எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அது உங்கள் காரை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை வைத்து ஒப்பிடுவதே பயணிக்கு உதவும்.

ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லும் நாடுகள்

ஜெர்மனியின் பச்சை ஸ்டிக்கர் எங்கள் கணிப்பில் வெளியூர்க்காரருக்கு மிக நேர்மையான முறை. ஒரு முறை வாங்கினால் நாடு முழுக்கச் செல்லும், காலாவதி கிடையாது. டியூஃப், டெக்ரா போன்ற வாகனச் சோதனை நிலையங்களில் சான்றிதழைக் காட்டிக் கையோடு வாங்கிக்கொள்ளலாம், சில யூரோதான். இணையத்தில் இதையே பல மடங்கு விலைக்கு விற்கும் இடைத்தரகர் தளங்கள் ஏராளம். வெளிநாட்டு பெட்ரோல் கார் 1993 ஜனவரி 1-க்குப் பிறகும், டீசல் கார் 2006 ஜனவரி 1-க்குப் பிறகும் பதிவானதென்றால் வேறு சான்று கேட்காமலே பச்சை கிடைக்கும். மோட்டார் சைக்கிளுக்குத் தேவையில்லை. மின்சார காருக்குத் தேவை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மண்டல எல்லையில் சிவப்பு வட்டப் பலகையும் அதன் கீழே பச்சை வில்லையின் (ஸ்டிக்கரின்) படமும் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாமல் உள்ளே போனால் 100 யூரோ. ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாலும் அதே 100.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியவை: முன்கண்ணாடியின் உட்புறம், வலது கீழ் மூலை. அதில் எழுதியிருக்கும் எண் உங்கள் பதிவெண்ணோடு பொருந்த வேண்டும், வெளியிலிருந்து படிக்க முடிய வேண்டும். வெயிலில் எழுத்து மங்கினால் புதுசு வாங்குங்கள். கண்ணாடியை மாற்றினாலும் புதுசுதான். உரித்தால் கிழிந்துபோகும்படி செய்யப்பட்ட வில்லை அது.

பச்சை ஒட்டிவிட்டால் எல்லாம் திறந்துவிடும் என்றும் நம்பக்கூடாது. டீசல் தடை என்பது ஸ்டிக்கருக்கு மேலே நிற்கும் தனிச் சட்டம். 2023 பிப்ரவரியில் மியூனிக் தன் நடு வளையத்துக்குள் யூரோ-4 வரையிலான டீசல்களை, பச்சை ஸ்டிக்கர் இருந்தபோதிலும், தடுத்தது. எதிர்த்திசையில் ஹானோவர் 2024-ல் தன் மண்டலத்தையே நீக்கிவிட்டது. பழைய பட்டியலை நம்பி ஊர் ஊராகத் திட்டமிடாதீர்கள்.

பிரான்சின் கிரிட்ஏர் என்ற ஸ்டிக்கர் அதே குடும்பம், ஆனால் கொஞ்சம் சிக்கலானது. மின்சாரத்துக்குப் பச்சை, அதன்பின் ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள். 2011 முதல் பதிவான பெட்ரோல் கார் ஒன்றாம் எண், ஊதா. 2006 முதல் 2010 வரையிலான பெட்ரோலும் 2011 முதலான டீசலும் இரண்டாம் எண், மஞ்சள். யூரோ-4 டீசல் மூன்றாம் எண், ஆரஞ்சு. 2025 ஜனவரி முதல் பாரிஸ் பெருநகரம் மூன்றாம் எண்ணையும் வார நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை தடுத்தது. மண்டலம் ஏ86 வளையச் சாலைக்குள். அந்தச் சாலை சேர்த்தி இல்லை. தவறினால் காருக்கு 68 யூரோ. இங்கே மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்டிக்கர் வேண்டும்.

பிரெஞ்சு முறையில் பயணியைப் படுத்துவது தபால். அரசின் தளத்தில் விண்ணப்பித்தால் விலை 5 யூரோவுக்குள், ஆனால் வில்லை கடையில் கிடைக்காது, வீட்டு முகவரிக்குத்தான் வரும். வெளிநாட்டுக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு விண்ணப்பிப்பது நல்லது. வில்லை வராவிட்டால், மின்னஞ்சலில் வந்த சான்றை அச்சிட்டுக் காரில் வையுங்கள். 2025-ல் பிரெஞ்சு தேசிய சட்டமன்றம் இந்த மண்டலங்களை ஒழிக்க வாக்களித்தது. புறப்படும் வாரத்தில் சட்டம் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். காற்று மாசு உச்சமாகும் நாட்களில் மாவட்ட நிர்வாகம் போடும் தற்காலிகக் கட்டுப்பாடு தனி; அதற்கும் இதே வில்லையைத்தான் பார்ப்பார்கள். ஐந்து யூரோவுக்குக் குறைவாகச் செலவழித்து ஒட்டிவைப்பதே புத்திசாலித்தனம்.

ஜெர்மனி வில்லை பிரான்சில் செல்லாது, பிரான்ஸ் வில்லை ஜெர்மனியில் செல்லாது. ஒரே கண்ணாடியில் இரண்டையும் ஒட்டலாம்.

கேமராவும் முன்பதிவும்

பெல்ஜியத்தில் ஸ்டிக்கரே கிடையாது. ஆண்ட்வெர்ப் 2017-லும் பிரசெல்ஸ் 2018-லும் கென்ட் 2020-லும் பதிவெண் படிக்கும் கேமராக்களை வைத்தன. உள்ளூர்க் காரின் விவரம் அரசுத் தரவில் இருக்கிறது. நெதர்லாந்து நீங்கலாகப் பிற நாட்டுக் கார்களை, அவை எவ்வளவு சுத்தமானவையாக இருந்தாலும், இணையத்தில் பதிய வேண்டும். காசு கிடையாது. ஆனால் பதியாமல் நுழைந்தால் சுத்தமான காருக்கும் அபராதம். பிரசெல்ஸ் தனி நிர்வாகம். அதன் பதிவும் தனி. பார்சிலோனாவும் இதே வழி: வெளிநாட்டுக் கார் பெருநகர நிர்வாகத்தின் பதிவேட்டில் முதலில் இடம்பெற வேண்டும்.

பதிவு நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் அற்பக் காரணங்களால். பூஜ்யமும் ஓ எழுத்தும் மாறிப்போவது, பதிவெண்ணின் நடுவில் கோடு அல்லது இடைவெளி சேர்ந்துவிடுவது, நாட்டுக் குறி தவறுவது, சான்றிதழின் ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புவது. இரு பக்கமும், நான்கு மூலையும் தெரிய, நிழல் விழாமல் எடுங்கள். விண்ணப்பம் பெறப்பட்டது என்று வரும் மடல் அனுமதி ஆகாது. ஏற்கப்பட்டது என்ற மடல் வரும்வரை உள்ளே போகாதீர்கள்.

நெதர்லாந்து எளிது. ஆம்ஸ்டர்டாம், ஊட்ரெக்ட் போன்ற நகரங்களின் மண்டலம் டீசலை மட்டுமே பார்க்கிறது. பெட்ரோல் கார்க்காரர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கட்டினால் போகலாம், கட்டினாலும் போக முடியாது

பிரிட்டனுக்குள்ளேயே இரண்டு எதிரெதிர் முறைகள். லண்டனின் யூலெஸ் (மிகக் குறைந்த புகை மண்டலம்) 2019 ஏப்ரலில் நடுநகரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நகரப் பகுதிகளுக்கும் விரிந்தது. கிறிஸ்துமஸ் நாள் தவிர 24 மணி நேரமும் உண்டு. ஒரு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, இரவு 11.30-க்கு நுழைந்து 12.30-க்கு வெளியேறினால் 25 பவுண்டு. பயணத்துக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் கட்டலாம். தவறினால் 180 பவுண்டு, 14 நாளில் கட்டினால் 90. நிறுத்தி வைத்திருக்கும் காருக்குக் கட்டணம் இல்லை. எம்25 வளையச் சாலை மண்டலத்துக்கு வெளியே. வெளிநாட்டுக் காரின் புகைத் தரத்தை லண்டன் போக்குவரத்து நிர்வாகத்திடம் முன்கூட்டிப் பதிய வேண்டும். பதியாவிட்டால் சுத்தமான காருக்கும் அபராதக் கடிதம் வரக்கூடும்.

இதோடு நடுநகரின் நெரிசல் கட்டணத்தைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. 2026 ஜனவரி 2 முதல் அது 18 பவுண்டு; மின்சார காரும் கட்ட வேண்டும். பிளாக்வால், சில்வர்டவுன் சுரங்கச் சாலைகளுக்கு 2025 ஏப்ரல் முதல் மூன்றாவது கணக்கு ஒன்று ஓடுகிறது. ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது.

பர்மிங்காமில் தரம் குறைந்த காருக்கு 8 பவுண்டு, பிரிஸ்டலில் 9. இரண்டுக்கும் அரசின் ஒரே தளத்தில், பயணத்துக்கு ஆறு நாள் முன்பிருந்து ஆறு நாள் பின்புவரை கட்டலாம். லண்டனின் மூன்று நாளோடு ஒப்பிட்டால் தாராளமான அவகாசம்.

ஸ்காட்லாந்தில் கட்டணமே இல்லை. கிளாஸ்கோ 2023-லும், எடின்பரோ, அபர்டீன், டன்டீ 2024-லும் அமலுக்குக் கொண்டுவந்தது நேரடித் தடை. தரம் இல்லாத கார் நுழைந்தால் 60 பவுண்டு. அதே மண்டலத்தில் 90 நாளுக்குள் திரும்ப நுழைந்தால் இரட்டிப்பாகி, காருக்கு 480 வரை ஏறும். லண்டன் பழக்கத்தில் ‘அப்புறம் கட்டிக்கொள்ளலாம்’ என்று போகிறவர் மாட்டுவது இங்கே. பழைய டீசலோடு சில நாள் தங்குபவருக்கு லண்டனைவிட எடின்பரோ ஆபத்தானது. மண்டலம் சிறியது என்பது ஒன்றுதான் ஆறுதல். வெளியே நிறுத்திவிட்டு நடக்கலாம்.

இத்தாலி: புகையே கேள்வியில்லாத மண்டலம்

பயணிகளை அதிகம் காயப்படுத்துவது இத்தாலியின் இசட்.டி.எல். (ZTL) என்ற போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மண்டலம். ஃப்ளோரன்ஸ், ரோம், பொலோனா, பீசா, சியேனா எனப் பழைய நகர்களின் மையத்தை மூடும் இந்த மண்டலம் கேட்பது அனுமதி இருக்கிறதா என்பதை. புத்தம்புதிய யூரோ-6 கார் என்பதால் வழி திறக்காது. அனுமதியில்லாமல் கேமராவைக் கடந்தால் அபராதம் 80 யூரோவுக்கு மேல்.

நுழைவில் ‘வார்கோ அத்தீவோ’ என்று ஒளிர்ந்தால், வாயில் இயங்குகிறது என்று பொருள். அதைத் திறந்திருக்கிறது என்று படித்து உள்ளே போகிறவர்கள் நிறைய. தடை இயங்குகிறது என்பதே அதன் அர்த்தம். ‘நோன் அத்தீவோ’ (இயங்கவில்லை) என்றிருந்தால்தான் போகலாம். வழிகாட்டும் செயலி இதை எப்போதும் மதிக்காது. பழைய நகரின் சுவரை நெருங்கியதும் திரையைவிடப் பலகையை நம்புங்கள்.

விடுதி மண்டலத்துக்குள் இருந்தால், முன்பதிவின்போதே பதிவெண்ணைக் கொடுத்து, நகராட்சியின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். வாடகை கார் என்றால் சாவி கைக்கு வந்த உடனே பதிவெண்ணை அனுப்புங்கள். சேர்த்தாயிற்று என்பதை எழுத்தில் கேளுங்கள். அந்த அனுமதி பொதுவாக விடுதிக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கி, நிறுத்துமிடம் சேர்வதற்கு மட்டும். ஊர் சுற்றுவதற்கு இல்லை.

மிலான் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. வெளி வளையமான ஏரியா பி புகைத் தரத்தைப் பார்க்கிறது. உள்ளே ஏரியா சி, 2012 முதல் நுழைவுக் கட்டணம், இப்போது 7.50 யூரோ. இரண்டும் வார நாட்களில் காலை 7.30 முதல் மாலை 7.30 வரை. ஞாயிற்றுக்கிழமை வந்து சேரும்படி பயணத்தை அமைத்தால் இரண்டுமே தொடாது.

சொந்தக் காரா, வாடகையா, ஓரத்தில் நிறுத்துவதா

பழைய டீசலோடு மூன்று நாடுகளைத் தாண்டுவதாக இருந்தால், நகரம் சார்ந்த பகுதிக்கு வாடகை கார் நல்லது. புகைத் தரமும் உள்நாட்டுப் பதிவும் தானாகத் தீரும். ஜெர்மனியில் எடுக்கும் காரில் பச்சை ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஜெர்மன் வாடகை கார் ஆண்ட்வெர்ப்புக்கு வெளிநாட்டுக் கார்தான். அதைப் பதிய சான்றிதழின் நகலை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். இசட்.டி.எல்., லண்டன் நெரிசல் கட்டணம் ஆகியவற்றிலிருந்தும் வாடகை கார் காப்பாற்றாது. அபராதம் வந்தால் உங்கள் பெயரை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காக நிறுவனம் அட்டையிலிருந்து ஒரு தொகை எடுக்கும்; அது அபராதத்தோடு சேர்த்தி இல்லை.

நகருக்குள் காரே தேவையில்லை என்றால் ஓரத்தில் நிறுத்தி டிராமில் போவதை முதலில் யோசியுங்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் அந்த நிறுத்தச் சீட்டிலேயே காரில் வந்த எல்லோருக்கும், ஏழு பேர் வரை, டிராம் போகவரச் சேர்ந்துவிடும். ஆம்ஸ்டர்டாமில் மலிவு விலை வேண்டுமென்றால் அங்கிருந்து நடுநகருக்குப் பொதுப் போக்குவரத்தில் போய்த் திரும்பியது அட்டையில் பதிவாகியிருக்க வேண்டும். இறங்கும்போது அட்டையைத் தேய்க்க மறந்தால் முழு விலைதான். எந்த ஊரானாலும் அந்த நிறுத்தமே மண்டலத்துக்குள் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராதக் கடிதம் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. கடிதம் கைக்கு வந்து ஐந்து நாளில் கட்டினால் 30 சதவீதம் குறையும். ஆனால் விடுதி பதிவெண்ணைச் சேர்த்ததாக எழுதிய மடல் உங்களிடம் இருந்தால், கட்டுவதற்கு முன்னால் விடுதியைத் தொடர்புகொள்ளுங்கள். கட்டிவிட்ட அபராதத்தை எதிர்த்து முறையிட முடியாது.