ஸ்பிட்ஃபயர் நினைவுப்பொருள்: காக்பிட் டயலா, மண்ணில் கிடைத்த துண்டா?

இரண்டாம் உலகப்போர்க் கால விமானப் பொருள் ஒன்றை முதல்முறையாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் யோசிப்பார்கள். ஒன்று, பிரிட்டிஷ் விமானங்களின் காக்பிட்டில் இருந்த டயல். இன்னொன்று, 1940-இல் ஜெர்மனியுடன் நடந்த வான்போரில் இங்கிலாந்தின் கென்ட் பக்கம் விழுந்து மண்ணுக்குள் புதைந்த விமானத்திலிருந்து எடுத்த உலோகத் துண்டு. எதைக் கேட்டாலும் விற்பவர் சொல்லும் பெயர், பிரிட்டனின் புகழ்பெற்ற போர் விமானமான ஸ்பிட்ஃபயர்தான். அந்தப் பெயரைப் பொருளே சொல்கிறதா, விற்பவர் மட்டும் சொல்கிறாரா என்று பார்த்துத்தான் நான் இரண்டையும் எடைபோடுவேன்.

டயலைக் கையில் வாங்கியதும் முகப்பைவிட முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். கிரீடமும் அதன்கீழ் ஏ.எம். என்ற எழுத்துகளும் இருந்தால் அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் சரக்கு. பக்கத்திலேயே கிடங்கு எண் இருக்கும். 6ஏ என்று தொடங்கினால் விமானக் கருவி, 5சி என்றால் மின்சாமான், 22சி என்றால் விமானிகளின் உடுப்பு. நேட்டோ முறைப்படி 13 இலக்க எண்ணும் அதில் 99 என்ற பிரிட்டன் குறியீடும் இருந்தால், அந்த எண்ணைப் போட்டது போர் முடிந்த பிறகுதான். வேகமானி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை வேகத்தை மைலில் கணக்கிட்டது. டயல் நாட் (மணிக்குக் கடல்மைல்) கணக்கில் இருந்தால் கடற்படை விமானத்துடையதாகவோ போருக்குப் பிந்தையதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, டயல் என்ன பொருள் என்று கண்டுபிடிப்பது சுலபம். எந்த விமானத்தில் இருந்தது என்பதுதான் சிக்கல். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லங்காஸ்டர் எல்லாவற்றிலும் விமானிக்கு எதிரே ஒரே மாதிரி ஆறு கருவிகள் கொண்ட பலகைதான் இருந்தது. விமானி எதில் ஏறினாலும் கண் பழகிய இடத்தில் பழகிய கருவி இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். அதனால் மூன்று முள் கொண்ட மார்க் 14 ரக ஆல்டிமீட்டரை, அதாவது உயரமானியை, ‘ஸ்பிட்ஃபயர் ஆல்டிமீட்டர்’ என்று விற்றால், அதில் வேலை செய்வது ஆசைதான், ஆதாரம் இல்லை. அது லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் பறந்திருக்கலாம், கடைசிவரை கிடங்குப் பெட்டியிலேயே கிடந்திருக்கலாம். டயலை டயலாகவே வாங்குங்கள், அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

டயலில் உள்ள ரேடியம் கதிரியக்கப் பொருள், அந்த விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. இருட்டில் ஒளிர வேண்டும் என்று அந்த முள்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினார்கள். இப்போது பெரும்பாலானவை ஒளிர்வதில்லை. அதைப் பார்த்து ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒளியைத் தரும் துத்தநாக சல்ஃபைடுதான் கெட்டுப்போயிருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடி உடைந்த டயல் வேண்டவே வேண்டாம். நல்ல டயலையும் திறந்து பழுதுபார்க்கக் கூடாது, படுக்கையறையில் வைக்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீடு என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மண்ணில் கிடைத்த துண்டு பார்வைக்கு ஒன்றுமே இல்லை. கசங்கி மடிந்த அலுமினியம், ரிவெட் வரிசை, மடிப்புக்குள் காய்ந்த களிமண், ஓர் ஓரத்தில் காக்பிட்டின் சாம்பல்பச்சை பெயிண்ட். ஆனால் அதில் பொறித்த எண் ஒன்று தப்பித்திருந்தால் டயல் சொல்லாததை அது சொல்லும். ஸ்பிட்ஃபயரின் ஒவ்வொரு ரகத்துக்கும் ‘மார்க்’ என்று பெயர், பாகங்களின் எண் அந்த ரகத்தின் வடிவமைப்பு எண்ணோடு தொடங்கும்: மார்க் 1-க்கு 300, மார்க் 5-க்கு 349, மார்க் 9-க்கு 361. மாற்றம் தேவைப்படாத பாகங்களைப் பழைய எண்ணோடே பின்னால் வந்த விமானங்களிலும் பொருத்தினார்கள். அதனால் 300 இருப்பதை வைத்து மட்டும் அது 1940-இன் மார்க் 1 என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மார்க் 9 பின்னால் வந்தது, அதனால் 361 என்று பொறித்த துண்டை யாராவது 1940 என்று விற்றால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஸ்பிட்ஃபயர் தயாரித்த காசில் பிரோமிச் தொழிற்சாலையின் சி.பி.ஏ.எஃப். முத்திரையும் இப்படி உதவும். ஜெர்மன் துண்டுகளிலும் இதே கணக்குதான். 8-109 என்றால் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் உடல், 9-601 என்றால் அதன் எஞ்சின். 9-605 என்பது பின்னால் வந்த எஞ்சின், அது 1940-இல் கென்ட் வயலில் விழுந்திருக்க வழியே இல்லை.

பொறித்த எண், விமானத்தின் வகையைத்தான் சொல்லும். எந்த விமானம், யார் ஓட்டினார், எந்த நாளில் விழுந்தது என்பதெல்லாம் காகிதத்தில்தான் இருக்கும். யார் தோண்டினார்கள், எந்த வயலில், எந்த ஆண்டு என்ற பதிவைக் கேளுங்கள். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி விழுந்த ராணுவ விமானம் எதையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். மனித எச்சங்கள் இருக்க வாய்ப்புள்ள இடத்துக்கு அமைச்சகம் பொதுவாக உரிமம் தருவதில்லை. எனவே 1986-க்குப் பிறகு எடுத்த துண்டு என்றால் உரிம விவரமும் வேண்டும். அப்புறம், விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினாரா என்று கேளுங்கள். ஒருவர் உயிர்விட்ட விமானத்தின் துண்டை அலமாரி அழகுக்காக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

விமானி விமானத்தைத் திருப்பப் பிடிக்கும் கண்ட்ரோல் ஸ்டிக்கின் வட்டப் பிடி மூன்றாவதாக எல்லோரையும் இழுக்கும். நகல்கள் அவ்வளவு இருப்பதால் முதல் பொருளாக அது வேண்டாம்.

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், எண்ணும் தோண்டிய பதிவும் சேர்ந்த துண்டுக்கே என் ஓட்டு. பதிவு இல்லாவிட்டால் டயலே மேல், குறைந்தபட்சம் அது தன்னைப் பற்றிப் பொய் சொல்லாது. துண்டை வாங்கினால் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். எண்ணின் தடமும் பெயிண்டும்தான் முதலில் போகும். ஈரம் ஏறினால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பதிவுக் காகிதத்தின் நகல் ஒன்றும் அதே பெட்டியில் இருக்கட்டும்.