வார்டு வாசலில் 'வீட்டுப் பராமரிப்பு' விற்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்: இரண்டு மாதச் சம்பளம் போனது

இதை எழுதும்போது என் அம்மா ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். அவரால் மல்லாந்து படுக்க முடியாது. முதுகெலும்பு முடியும் இடத்தில் தோல் உரிந்து புண்ணாகியிருக்கிறது. அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு கீறல்கூடப் புதிதாக இல்லாமல் வெளியே வந்தவருக்கு, நான் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பராமரிப்பில் எட்டே நாளில் வந்த புண் இது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம்; இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் அந்த எலும்பின் பந்து போன்ற தலையை அகற்றிவிட்டுச் செயற்கைப் பந்து பொருத்தினார்கள். வார்டில் நெரிசல் இருந்தது. இரவில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டில்களை ஒரே ஒரு சிஸ்டர் பார்த்துக்கொண்டார், ஓர் ஊசிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்த இரவுகள் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சை நாளன்று மூன்று பேர் தனித்தனியாக வந்து அம்மாவின் பெயரையும் எந்தக் கால் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்ததையும், இடது தொடையில் பேனாவால் அம்புக்குறி போட்டதையும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட, 19 அம்சங்கள் கொண்ட பாதுகாப்புப் பட்டியலின்படி, மயக்கம் கொடுக்கும் முன்பும், கத்தி வைக்கும் முன்பும், தியேட்டரை விட்டு நோயாளி வெளியே வரும் முன்பும் இப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். மறுநாளே இரண்டு பேர் பிடித்து அம்மாவை எழுப்பி நிற்கவைத்தார்கள். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தார்.

அந்த மூன்றாம் நாள் மாலைதான் அவன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, வார்டு ஊழியரைப் போன்ற நடை. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அம்மாவின் பெயர், கட்டில் எண், எந்த நாளில் அறுவைச் சிகிச்சை நடந்தது என்பது வரை சொன்னான். "இங்கே இருந்தால் கிருமி தொற்றும் மேடம், சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றான். பயிற்சி பெற்ற செவிலியர் தினமும் பன்னிரண்டு மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் ஒன்றுவிட்டு ஒரு நாள், முப்பது நாளுக்கு முன்பணம். மருத்துவமனையோடு இணைந்த சேவையா என்று கேட்டேன். "இங்கே இருக்கிற எல்லோருக்கும் எங்களைத் தெரியும்" என்றான். கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது இப்போது புரிகிறது. ஆறு இரவுகள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தவளுக்கு அன்று அது புரியவில்லை. கட்டில் எண் தெரிந்திருக்கிறதே, உள்ளே உள்ள ஆள்தான் என்று நம்பி, அங்கேயே நின்றுகொண்டு கைபேசியில் இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பினேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று வார்டு சிஸ்டர் அந்த நெரிசலிலும் பதினைந்து நிமிடம் ஒதுக்கிச் சொன்னார். தாழ்வான இருக்கையில் உட்காரவைக்கக் கூடாது, இடுப்பு தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கினால் பொருத்திய பந்து நழுவக்கூடும். கால்மேல் கால் போடக் கூடாது. படுக்கும்போது இரு கால்களுக்கும் இடையில் தலையணை வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிலையை மாற்ற வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். பணம் கட்டித்தான் ஆள் வைத்திருக்கிறோமே என்ற எண்ணத்தில் அதைப் பாதி காதில்தான் வாங்கினேன். இந்தப் பதிவில் என் தவறு என்று நான் ஒப்புக்கொள்வது இதை ஒன்றைத்தான்.

முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் வந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. எந்தக் காலில் அறுவைச் சிகிச்சை என்று அவர் கேட்கவே இல்லை. பிறகு நான் விசாரித்தபோது, இதற்கு முன் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்ததாகவும், இரண்டு நாள் 'பயிற்சி' கொடுத்து அனுப்பியதாகவும் அழுதுகொண்டே சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவைத் தாழ்வான முக்காலியில் உட்காரவைத்திருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்த நேரமெல்லாம் மல்லாந்தபடியே விட்டிருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு நாள் வந்து, பத்து நிமிடம் காலை ஆட்டிவிட்டு, நான்கு நாளுக்கான கையெழுத்தை ஒரே தாளில் போட்டுவிட்டுப் போனார். காலில் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் போட வேண்டிய ஊசியில் எட்டு தீர்ந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து எண்ணினால் ஐந்துதான் தீர்ந்திருந்தது. உறைந்த கட்டி காலிலிருந்து நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம் என்பதற்காகத்தான், இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் 35 நாள் வரைகூட அந்த ஊசியைப் போடச் சொல்கிறார்கள்.

எட்டாம் நாள் அந்தச் சிவப்பைக் கண்டு அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை. ஓரத்தில் தோல் உரியத் தொடங்கியிருந்தது. அதே அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்து, காலில் உறைவு இல்லை என்றார்கள். அதைக் கேட்டபோதுதான் மூச்சு வந்தது. அதே சிஸ்டர் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்தம் போகாமல் தோல் செத்துப்போகிறது என்று பொறுமையாக விளக்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள், மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். இரண்டாம் நாள், புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்தில் அழைப்போம் என்றார்கள். யாரும் அழைக்கவில்லை. நான்காம் நாள் வேறொரு குரல், ரசீதின் பின்புறத்தைப் படியுங்கள் என்றது. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று கடுகளவு எழுத்தில் இருந்தது. அந்த ரசீதே பணம் கட்டிய மறுநாள்தான் எனக்கு வந்தது. புண்ணைப் பற்றிச் சொன்னதும், "நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எங்கள் பதிவேட்டில் இருக்கிறது" என்றார்கள். தானாகத் திரும்பிப் படுக்க முடியாத ஒருவர் எப்படி ஒத்துழைப்பார்? எட்டு நாளுக்கு இரண்டு மாதச் சம்பளம். வார்டில் வந்து பேசியவனின் எண் இப்போது அணைந்து கிடக்கிறது. மருத்துவமனை அலுவலகத்தில் விசாரித்தேன். அப்படி எந்த நிறுவனத்தோடும் தொடர்பு இல்லை என்றார்கள். கட்டில் விவரம் வெளியே எப்படிப் போனது என்று எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான்: வார்டுக்குள் வந்து விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள், உங்கள் கட்டில் எண் தெரிந்திருப்பது அவருக்குச் சான்றிதழ் ஆகாது. மாத முன்பணம் கட்டாதீர்கள், நாள் கணக்கில் கொடுங்கள். செவிலியர் பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். ஊசிகளைத் தினமும் எண்ணுங்கள். சிஸ்டர் சொல்வதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைக்கும் நேரமாகிவிட்டது.