பீன்யாவில் வாங்கிய பழைய வாட்கின் பேண்ட்சா

வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பேட்டர்ன் வேலை செய்தவன் நான். நாங்கள் மரத்தில் செய்து கொடுக்கும் உருவை மணலில் பதித்துத்தான் இரும்பை ஊற்றுவார்கள். ஓய்வு பெற்றதும் பெங்களூர் ராமமூர்த்தி நகர் வீட்டின் பின்புறம் ஒரு கொட்டகை போட்டேன். தொழில் பழகிய நாளில் நான் நின்று அறுத்த அதே 30 அங்குலச் சக்கர வாட்கின் பேண்ட்சாதான் அதில் நிற்க வேண்டும் என்பது ஆசை. மேலும் கீழுமான இரண்டு சக்கரங்களில் வளைய ரம்பப் பட்டை ஓடி மரம் அறுக்கும் இயந்திரம்தான் பேண்ட்சா. வாட்கின், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் 1897-இல் தொடங்கிய நிறுவனம். பதினான்கு மாதத் தேடலுக்குப் பிறகு பீன்யா தொழிற்பேட்டையின் இரண்டாம் கட்டத்தில் ஒரு பழைய இயந்திரக் கடையில் கிடைத்தது. கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது.

அதற்கு முன் வேறொரு கடையில் ஏமாற இருந்தேன். அங்கே இருந்த பேண்ட்சா பச்சைப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. மண்சட்டி வாங்குபவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்களே, அப்படிச் சிறு சுத்தியலால் சட்டகத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். எங்கும் கணீரென்று ஒலித்தது, கழுத்தில் மட்டும் சத்தம் செத்துப் போனது. அங்கே பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பள்ளம் அடைக்கும் மக்கு, மக்குக்கு அடியில் பித்தளை வைத்துப் பற்றவைத்த விரிசல். ரம்பப் பட்டையை இறுக்கும்போது மொத்த இழுவையையும் தாங்குவது அந்தக் கழுத்துதான். அதை மறைத்து விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பீன்யா கடையில் எதற்கும் பெயிண்ட் அடிப்பதில்லை. "பெயிண்ட் அடித்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும், எனக்கும் செலவு, ஐயா" என்றார் கடைக்காரர், தருமபுரிப் பக்கத்துத் தம்பி. கேட்பதற்கு முன்பே குறைகளைச் சொன்னார். மேல் சக்கரத்தின் ரப்பர் காய்ந்துவிட்டது, கீழ் வழிகாட்டி தேய்ந்திருக்கிறது, பிரேக் பட்டை பழசு. டார்ச்சும் சுத்தியலுமாக நான் இரண்டு மணி நேரம் சுற்றிவந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டேன். பேரிங்கில் கரகரப்பே இல்லை, சீராகச் சுற்றித் தானாக அடங்கியது. மேசைமேல் துரு இருந்தது, ஆனால் மேல்துருதான். நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் கசியவில்லை. 85,000 கேட்டார், 78,000 ரூபாய்க்கு முடிந்தது.

ஏற்றும் விதத்தில்தான் அந்தக் கடையின் அருமை தெரிந்தது. இது ஏறத்தாழ ஏழடி உயரம், மேல்பாரம் அதிகம், ஒரு டன்னை நெருங்கும். கிரேன்காரர் மேசையில் கயிறு போடப் போனபோது கடைக்காரர் ஓடிவந்து தடுத்தார். மேசையைச் சாய்க்க உதவும் வளைவுத் தாங்கி வார்ப்பிரும்பு, பாரம் விழுந்தால் பிஸ்கெட் போல உடையும். சட்டகத்தின் கழுத்தில் பட்டை போட்டுத் தூக்கினார்கள். டாடா 407-இல் வந்தது. வீட்டில் இரும்புக் குழாய்களை அடியில் போட்டு உருட்டி ஐந்து பேர் உள்ளே சேர்த்தார்கள். அந்தக் கூலி 6,500 ரூபாய் தனி. அதை விலை பேசும்போதே அவர் சொல்லியிருக்கலாம்.

மின்சார விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை நம்பவேண்டாம். "வீட்டுக் கரண்டிலேயே ஓடும்" என்றார். மோட்டார் 3 குதிரைத்திறன், மூன்று ஃபேஸ், 415 வோல்ட், காயில்களின் ஒரு முனைகள் மூன்றும் உள்ளே ஒரே இடத்தில் ஸ்டாராக முடிந்து மூன்று கம்பிகள் மட்டும் வெளியே வந்திருந்தன. வீட்டு ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் மின்னணுக் கருவி வி.எஃப்.டி., ஆனால் சாதாரணமானது 230 வோல்ட் மூன்று ஃபேஸைத்தான் தரும். காயில் கட்டுபவர் ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு கம்பிகளாக வெளியே எடுத்து, 230 வோல்ட்டில் ஓடும்படி முக்கோணமாக, அதாவது டெல்டாவாக, இணைத்தார். அதன் பிறகே ஓடியது. இங்கிலாந்திலும் நம் ஊரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேகம் மாறவில்லை. 60 ஹெர்ட்ஸுக்கான அமெரிக்க மோட்டாரை நேராக நம் மின்சாரத்தில் இணைத்தால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும்.

இதில் உள்ள போல்ட்டெல்லாம் விட்வொர்த் எனும் பழைய ஆங்கிலேய அளவு மரை. நான்கு நூல், அதாவது அரை அங்குல, போல்ட்டுக்கு ஓர் அங்குலத்தில் 12 மரை. இன்று அதே அளவில் கிடைக்கும் யு.என்.சி. எனும் அமெரிக்க அளவு போல்ட்டுக்கு 13. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அதற்கு மேல் பலம் போட்டால் வார்ப்பிரும்பு மரை போய்விடும். எனவே கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தின் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு வைத்தேன். பழைய பிரேக் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸும் பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால் எதையும் உலர்வாகத் தேய்க்கவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்து, முகமூடி போட்டுத் துடைத்தேன்.

ரப்பர் ஒட்டி முடிக்க ஆறு வாரம் ஆனது. சக்கரத்தின் விளிம்பு நடுவில் மேடாக இருக்கவேண்டும், பட்டை அந்த மேட்டைத் தேடித்தான் நிற்கும். சமமாக ஒட்டிவிட்டால் பட்டை அலையும். ஒட்டிய ரப்பரை அந்த மேடு வரும்வரை தேய்த்தேன்.

முதலில் அறுத்தது, இடித்த வீட்டில் வாங்கிய தேக்கு உத்தரம். காந்தம் வைத்துத் தேடி ஒன்பது ஆணிகள் பிடுங்கினேன். எட்டங்குல உயரக் கட்டை, நடுவே பிளந்து இரண்டு பலகையாக விழுந்தது. மோட்டார் திணறவில்லை. பேத்தியின் தொட்டிலுக்கு அந்தப் பலகைகள் கொட்டகையில் காய்கின்றன.

அந்தக் கடையில் இப்போது பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் ஒரு திக்னஸ் பிளேனர் நிற்கிறது, போன வாரம் பார்த்தேன், சட்டகம் நன்றாக ஒலிக்கிறது. வாங்க நினைப்பவர்கள் காலையிலேயே போங்கள். சனிக்கிழமை பிற்பகலில் கிரேன் கிடைக்காது.