புள்ளியை மட்டும் மாற்றும் 'நல்வரவு' பலகை: வெயில், மழை, காற்று எல்லாம் பார்த்த பிறகு

2023 ஆடியில் எங்கள் பாளையங்கோட்டை வீட்டு முன்வாசலில் ஒரு மரப்பலகை மாட்டினேன். மேலிருந்து கீழாக 'நல்வரவு' என்று எழுதி, பண்டிகைக்குத் தகுந்தபடி ஒரு வட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் பலகை. இன்னும் அதே இடத்தில்தான் தொங்குகிறது. இதைச் செய்வது பெரிய வேலை இல்லை. நம்ம ஊர் வெயிலிலும் காற்றிலும் நிற்க வைப்பதுதான் வேலை.

இந்த மாதிரிப் பலகைகளில் இங்கிலீஷில் 'வெல்கம்' என்று எழுதி, 'ஓ' வரவேண்டிய இடத்தில் பூ வளையமோ பூசணிக்காயோ வைப்பார்கள். தமிழில் அப்படி ஒரு வட்ட எழுத்துக்கு எங்கே போவது? 'ல்' மேல் இருக்கிற புள்ளியை எடுத்துக்கொண்டேன். 'ந'வுக்கும் 'ல'வுக்கும் நடுவே ஆறு அங்குலம் இடம், அதில் ஐந்து அங்குல வட்டம். வட்டத்தைக் கழற்றிவிட்டால் பலகை 'நலவரவு' ஆகிவிடும். எதிர்வீட்டில் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் இருக்கிறார், சும்மா விடுவாரா? அதனால் பண்டிகை இல்லாத நாளுக்கென்று வெறும் மஞ்சள் வட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். வருஷத்தில் பாதிக்கு மேல் அதுதான் வாசலில் நிற்கிறது.

பலகை, பழைய மரக்கடையில் வாங்கிய பேக்கிங் பெட்டி பைன். நாலடி நீளம், ஏழு அங்குல அகலம். தேக்குக்கெல்லாம் போகத் தேவையில்லை. ஆனால் பின்பக்கத்துக்கும் பெயிண்ட் அடியுங்கள். முன்பக்கம் மட்டும் அடித்துவிட்டுப் பின்பக்கத்தை வெறும் மரமாக விட்டால், ஐப்பசி மழையில் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளைந்துவிடும். இரண்டு ஓரத்து வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் இழுக்கும். அங்கே வுட் பிரைமரை ஒரு கை கூடுதலாகவே கொடுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்த மழையில் இது ஊறி நின்றது. காய்ந்த பிறகு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். சந்து தெரியவில்லை.

எங்கள் மைனி (அண்ணி) அதே சமயத்தில் ஆன்லைனில் ஒரு பலகை வாங்கினார். மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை, வெல்க்ரோவில் ஒட்டும் துண்டுகள். பார்க்க நம்முடையதைவிட அழகு, அதில் சந்தேகமே இல்லை. சித்திரை வெயிலில் பசை இளகி, துண்டுகள் ஒவ்வொன்றாகச் சுவரில் வழுக்கி இறங்கின. அடுத்த மழையில் அடி ஓரம் ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது. 'தம்பி, இதை உள்ளே தார்சாவுல மாட்டிக்கிடலாம்லா?' என்று கேட்டார். உள்ளே என்றால் எம்டிஎஃப் தாராளமாகப் போதும். வெளியே என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

வட்டங்களை மாட்டுவதற்கு நான் காந்தம் வாங்கி வைத்திருந்தேன். வட்டம் அறுத்துக் கொடுத்த ஆசாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, ஒத்தக் காந்தத்துல ஒட்டுனா வட்டம் சுத்தும்லா. காத்தடிச்சா பொங்கப்பானை தலைகீழா நிக்கும். ரெண்டு ஆணி போதும்' என்றார். தலை வெட்டிய இரண்டு ஆணிகளைப் பலகையில் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்வாக அடித்து, ஆறு மில்லிமீட்டர் மட்டும் வெளியே நிற்க விட்டார். வட்டத்தின் முதுகில் அதே சாய்வில் இரண்டு துளைகள். வட்டம் 12 எம்எம் ப்ளையாக இருக்க வேண்டும். 6 எம்எம் என்றால் துளை முன்பக்கம் எட்டிப் பார்த்துவிடும். தண்ணீர் தாங்குகிற, ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளையில் ஒரு வெட்டுத்துண்டு கிடைத்தால் விடாதீர்கள். சாய்வு இருப்பதால் வட்டத்தைத் தூக்கித்தான் எடுக்க முடியும். ஆனி, ஆடிக் காற்றில் ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டே இருந்தது. பழைய சைக்கிள் டியூபில் இரண்டு பொட்டு வெட்டி ஆணியில் கோத்துவிட்டேன், சத்தம் போய்விட்டது.

இனி துண்டுகள். மாதிரிப் படங்களைப் பார்த்து வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று நாலு செய்துவிடாதீர்கள், நமக்கு ஒன்றுகூட ஒட்டாது. பொங்கலுக்குப் பானையும் மஞ்சள் குலையும், பக்கத்தில் பனங்கிழங்கும். இது இல்லாமல் சரிப்படாது. ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் தேர் வரைந்தேன். ஐந்து அங்குலத்துக்குள் தேர் அடங்கவில்லை, பார்க்கிற எல்லோரும் கோபுரம் என்கிறார்கள். குற்றால சீசனுக்குக் குடை. எங்களுக்குச் சாரல் என்பது பெரும்பாலும் காற்றோடு சரி, ஆனாலும் குழந்தைகளுக்கு அதுதான் பிடித்தம். தசராவுக்குச் சப்பரம். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் ஒரே விளக்கு. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் டிசம்பர் பிறந்ததும் ஏறி, புத்தாண்டு தாண்டித்தான் இறங்கும். ஊசிக்கோபுரம் சர்ச்சுக்குப் போய்வருகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருநாள் தாமதமானாலும் கேட்டுவிடுவார்கள். மார்கழிக்குச் செய்த பூசணிப்பூ மட்டும் வீண். சிறுமிகள் தனியாக வைக்கிற சிறுவீட்டுப் பொங்கலுக்காகப் பிள்ளைகள் வாசல் கோலத்தில் நிஜப் பூவையே வைக்கும்போது, மரப்பூவை யார் பார்ப்பார்கள்?

நிறத்தில் ஒரு விஷயம். பலகைக்கு எனாமல், ஓரத்தில் கோயில் மதில் மாதிரி காவியும் வெள்ளையும் பட்டை போட்டேன். காவி அப்படியே இருக்கிறது. எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் நேராக விழும். அதில் ஃப்ளோரசன்ட் ரோஸ் ஒரே கோடையில் வெளுத்துவிட்டது. வட்டங்கள் கொஞ்ச நாள்தான் வெளியே இருக்கும் என்பதால் அவற்றுக்கு அக்ரிலிக் போதும். எடுத்து வைக்கும்போது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கத்திரி வெயிலில் பெயிண்ட் ஒட்டிக்கொள்ளும். நடுவே பழைய வேட்டித் துணி வையுங்கள், நியூஸ்பேப்பர் வேண்டாம். மை ஏறி, பானையின்மேல் தலைப்புச் செய்தி படிக்கலாம்.

பலகையைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் இரண்டு கட்டை வைத்து ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். ஈரம் நிற்காது, கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த இடைவெளி குளவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மண்கூடு கட்டியபடியே இருக்கிறது. வட்டம் மாற்றும்போதெல்லாம் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

செலவு, ஆசாரி கூலியும் சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை. அதில் பாதி பெயிண்டுக்கே போய்விட்டது. புதிதாகச் செய்கிறவர்கள் மஞ்சள், பானை, விளக்கு அல்லது நட்சத்திரம் என்று மூன்று வட்டத்தோடு தொடங்குங்கள். ஆணிகளின் இடைவெளியை மட்டும் ஒரு அட்டையில் குறித்து வைத்துக்கொண்டால், மற்றதை அந்தந்தப் பண்டிகை வரும்போது அறுத்துக்கொள்ளலாம்.