வனக்குழுவா, வன உரிமைப் பட்டாவா?

வனத்துறையோடு சேர்ந்து ஊர் நடத்திய பழைய கிராம வனக்குழுவைத் தூசி தட்டி எடுப்பதா, வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமைக்கு, அதாவது காட்டை ஊரே நிர்வகிக்கிற உரிமைக்கு, மனுப் போடுவதா? ஈரோடு மாவட்ட மலையூர்கள் பலவற்றில் இந்தப் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. எங்கள் ஊர் மனுப் போட்டது, அந்த உரிமைக்கான பட்டாவும் வந்துவிட்டது. வன உரிமைக் குழுவில் நானும் இருப்பதால், "எதுக்குப் போனா நல்லதுங்க?" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் விசாரிக்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். என் சாய்வு பட்டாவின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

வனக்குழுவுக்கு அடித்தளம் 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையும், மத்திய அரசு 1990 ஜூன் 1 அன்று மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையும். காட்டைக் காக்க ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். மேற்கு வங்கத்தின் அரபாரியில் 1970களில் சால் மரக் காட்டைக் காத்த கிராமத்தாருக்கு விற்பனையில் 25 விழுக்காடு பங்கு தருவதாகச் சொல்லிக் காடு மீண்ட அனுபவம் அதற்கு முன்னோடி. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில்தான் வனக்குழுக்கள் ஊர் ஊராக முளைத்தன. வன உரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறியது, விதிகள் 2008இல் வந்தன. நீதிமன்ற உத்தரவால் நம் மாநிலத்தில் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் பத்து வருடத்துக்கு முன்பே பழகிப்போனதை நாம் இப்போது புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

வனக்குழுவின் நல்லதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் எங்கள் பக்கம் அந்தத் திட்டத்தில்தான் வந்தன. ஓடையோரக் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் நிற்பதை ஊரே பார்த்தது. பெண்கள் குழுக்களுக்கு ஆடு, மாடு வாங்கச் சிறுகடன் கிடைத்தது. வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று பொதுக்குழுவில் சேர்த்ததால், பஞ்சாயத்துக் கூட்டத்தில் வாயே திறக்காத அக்காமார்கள் அங்கே பேசப் பழகினார்கள். பழங்குடியா இல்லையா, எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள் என்றெல்லாம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. வேலை உடனே தொடங்கியது, கூலியும் வந்தது.

திட்டம் முடிந்ததும் கூலி நின்றது. அதோடு கூட்டமும் நின்றது. இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. வனத்துறையும் ஊரும் சேர்ந்து காட்டைப் பார்க்கிற இந்தக் கூட்டு வன மேலாண்மை நடந்த மாநிலங்களில் எல்லாம் கேட்கிற புகார்தான். ஆனால் நாங்கள் பக்கம் மாறியதற்கு இதுவும் முதல் காரணம் இல்லை. பணம் வரும்போது நடப்பதும் வராதபோது நிற்பதும் எந்த அமைப்புக்கும் நேரலாம், கிராம சபைக்கும் நேரலாம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது ஒரே கேள்வி: காட்டிலிருந்து இறங்கும் மூட்டைக்கு யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

கடுக்காயை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். பொறுக்கி வந்த காயைப் பாறையில் பரப்பிக் காய வைப்போம். மஞ்சள் பூத்து, கல் மாதிரி இறுகி, ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்காத காய்க்கு நல்ல விலை. கறுத்தது, பூச்சி துளைத்தது, பனியில் நனைந்து பூசணம் பிடித்தது எல்லாம் கடைசி விலை. பிரித்துக் கட்டினால் மூட்டைக்கு மூட்டை விலை வேறுபடும், கலந்து கட்டினால் மொத்தத்துக்கும் கடைசி விலைதான். மகசூலை மொத்தமாகக் குத்தகைக்கோ ஏலத்துக்கோ விட்ட காலத்தில் நமக்குக் கிடைத்தது கிலோவுக்கு இவ்வளவு என்று பொறுக்குகூலி. பிரித்தாலும் அதே கூலி, பிரிக்காவிட்டாலும் அதே கூலி. பிறகு யார் உட்கார்ந்து பிரிப்பார்கள்? மூட்டை கீழே போன பிறகு பிரிக்கிற வேலையும் அதில் வருகிற லாபமும் வியாபாரியின் கிடங்கில் நடந்தன.

நெல்லிக்காயில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறினால் கிளை கிளையாக மரம் காய்ந்துபோகும். மரத்தில் ஏறி அதை அறுத்தெறிய வேண்டும். வழுக்கும் கிளையில் அரைநாள் போகிற வேலை, அன்றைக்குக் கைக்கு ஒரு ரூபாய் வராது. அடுத்த வருடம் அந்த மரத்தின் காய் நமக்குத்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே மனுஷன் ஏறுவான். குத்தகைதாரர் வருடத்துக்கு வருடம் மாறும்போது, எட்டாத காய்க்குக் கிளையையே வெட்டிப் போடுகிற பழக்கம்தான் வளர்ந்தது. காட்டுப் பாதுகாப்பு என்று நாம் பேசுவதில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. விற்கிற உரிமை யாரிடம் நிலையாக இருக்கிறதோ, மரத்தைப் பேணுகிற அக்கறையும் அவரிடம்தான் போய்ச் சேரும்.

வனக்குழுவில் தலைவர் ஊர்க்காரர். செயலாளர் வனத்துறை அலுவலர். வங்கிக் கணக்கு இருவர் பேரிலும். பொருள் வெளியே போக அனுமதிச் சீட்டு துறையிடமிருந்து. அலுவலர் நல்லவராக இருந்தால் வண்டி ஓடும். எங்களுக்கு அப்படி நல்லவர்களும் வாய்த்தார்கள், நன்றியோடுதான் சொல்கிறேன். அவர் இடமாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்து பழகும்வரை கணக்கில் இருக்கிற பணத்தை எடுக்க முடியாது. காய் அதுவரை காத்திருக்குமா? ஈரக்காற்று அடித்தால் ஒரு வாரத்தில் பூசணம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அமைப்பே அப்படிக் கட்டப்பட்டது. சுற்றறிக்கையிலும் அரசாணையிலும் பிறந்த குழுவை இன்னொரு ஆணையால் மாற்றலாம், கலைக்கவும் செய்யலாம்.

வன உரிமைச் சட்டத்தில் இது தலைகீழ். பிரிவு 3(1)(சி) கடுக்காய், நெல்லிக்காய், மூங்கில் போன்ற சிறு வன மகசூலின் உடைமையையும், அதைச் சேகரித்து விற்கும் உரிமையையும் தருகிறது. 3(1)(ஐ) காட்டைக் காத்துப் பேணி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பது மட்டும் போதாது என்பதற்கு மேந்தா லேகாவைவிட நல்ல சாட்சி கிடையாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள கோண்டுப் பழங்குடியினர் ஊர் அது. சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு 2009இலேயே பட்டா வாங்கிவிட்டது. மூங்கில் அவர்களுடையது, வெட்டலாம், வாங்க ஆளும் உண்டு. ஆனால் வெளியே கொண்டுபோகச் சீட்டு இல்லை. 2011 ஏப்ரல் 27 அன்று அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய், சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபை சார்பில் ஊர்த் தலைவர்களில் ஒருவரான தேவாஜி தோஃபாவிடம் கொடுத்த பிறகுதான் அந்தப் பட்டாவுக்கு உயிர் வந்தது. பட்டாவுக்கும் சீட்டுப் புத்தகத்துக்கும் நடுவில் போன அந்தக் காலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோதுதான், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே எங்களுக்குப் பிடிபட்டது.

2008 விதிகள் சிறு வன மகசூலைத் தலைச்சுமையாகவோ சைக்கிளிலோ தள்ளுவண்டியிலோதான் கொண்டுபோகலாம் என்றன. முப்பது கொண்டை ஊசி வளைவு இறங்குகிற மலைக்கு அது எப்படிப் பொருந்தும்? 2012 செப்டம்பரில் வந்த திருத்தம் அதை மாற்றி, பொருத்தமான எந்த வாகனத்திலும் கொண்டுபோகலாம் என்றது. சீட்டைக் கொடுப்பது கிராம சபை அமைக்கிற குழு. அதுபோக, மகசூலுக்கு ராயல்டியோ கட்டணமோ வசூலிக்கக் கூடாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. எங்கள் ஊருக்குச் சட்டத்தின் மற்ற பக்கங்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு விதிதான் பெரிது. சீமாறு புல் கட்டுகளை முதல்முறை எங்கள் குழுவின் சீட்டோடு டெம்போவில் ஏற்றி அனுப்பியபோது, வண்டியை நிறுத்தியவர்களிடம் விதியின் நகலையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. காட்டினோம், வண்டி போனது. நகலை லேமினேட் செய்து வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா வாங்கும் பாதை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். படிவம் பி, படிவம் சி இரண்டையும் குழப்பிக்கொண்டு பல ஊர்கள் ஏமாந்திருக்கின்றன. பி சேகரிக்கவும் மேய்க்கவும் உள்ள உரிமைகளுக்கு. காட்டை நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி. பி மட்டும் கொடுத்து வாங்கிவிட்டு "பட்டா வந்துடுச்சு" என்று உட்கார்ந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். கிராம சபையில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். புல் அறுக்கிற மாதத்தில் இந்தக் கணக்கைத் தேற்றுவது பெரும்பாடு. ஊராட்சி அளவில் கூட்டினால் காட்டுக்கே வராதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், ஆகவே குடியிருப்பு அளவில் கூட்டச் சொல்லி வற்புறுத்துங்கள். 2012 ஜூலையில் மத்திய பழங்குடியினர் நலத்துறை அனுப்பிய வழிகாட்டுதல்கள் அதற்குத் துணை. எல்லை காட்டும் வரைபடத்துக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தோம். எந்தப் பாறையில் தேனடை, எந்த ஓடை எந்தக் குலத்தின் கோயிலுக்கு எல்லை என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். பெரியவர்களின் வாக்குமூலமும் ஆதாரமாகச் செல்லும், விதி 13 அப்படித்தான் சொல்கிறது.

பழங்குடியல்லாத குடும்பங்களுக்குத்தான் கஷ்டம். 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். காகிதம் வைத்திருக்கிற குடும்பம் அபூர்வம். உங்கள் ஊரில் அவர்கள்தான் பெரும்பான்மை என்றால் வனக்குழுவே இப்போதைக்கு ஆகிற வழி. அடிவாரத்து ஊர்களுக்கும் அதையேதான் சொல்வேன். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மட்டும் காட்டைப் பார்க்கிற ஊருக்குத் தடுப்பணைதான் பெரிய வரம், சீட்டுப் புத்தகத்தை வைத்து என்ன செய்வார்கள்?

புலிகள் காப்பகத்துக்குள் இதெல்லாம் செல்லாது என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் மலையை ஒட்டிய கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகம் அறிவித்த அதே 2011இல் சோளகர் பழங்குடியினரின் 25 கிராம சபைகள் சமூக உரிமை வாங்கின. நம் பக்கத்துச் சோளகர்களுக்கு அங்கே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, போய்க் கேட்டுவிட்டு வரலாம். நாங்களும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுத்தோம். பட்டா வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள். உண்ணிச்செடி (லந்தானா) ஆள் உயரத்துக்கு மண்டிப் புல்லையும் நெல்லிக் கன்றையும் அமுக்கிவிட்ட காட்டில், உரிமை இருந்து பொறுக்குவதற்குக் காய் வேண்டுமே. தரைத்தீ வைத்துக் காட்டைச் சீராக வைத்திருந்த பழைய முறை தடைபட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பது அங்குள்ள பெரியவர்களின் கருத்து. எங்கள் பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள்.

வருமானம் பற்றி நான் சொல்வதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் மேந்தாவைப் போல மூங்கில் இல்லை. சீமாறிலும் கடுக்காயிலும் பிரித்து விற்றதால் கூடுதலாகக் கிடைத்தது உண்மை, ஆனால் நாங்கள் பார்த்தது மழை நன்றாகப் பெய்த பருவம். வறட்சி வருடத்தில் எங்கள் குழு எப்படி நிற்கும், வியாபாரிகள் சேர்ந்து விலையை அமுக்கினால் தாங்குவோமா என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். உண்ணிச்செடி வெட்டுகிற செலவை எங்கள் கையிருப்பு தாங்காது. அதற்கு அரசுப் பணம் வேண்டும். உரிமை வாங்கிய ஊர்களுக்கு அரசுத் திட்டங்களின் உதவி சேர வேண்டும் என்று விதி 16 இருக்கிறது. அதைக் காட்டி மனுக் கொடுத்திருக்கிறோம்.

நேபாளத்தை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. 1993 வனச் சட்டத்துக்குப் பிறகு அங்கே 22,000க்கும் மேற்பட்ட பயனாளர் குழுக்கள் காட்டைத் தங்கள் கையில் வைத்திருக்கின்றன, வருமானத்தில் குறைந்தது 25 விழுக்காட்டைக் காட்டுக்கே திருப்பிச் செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. அந்த விதியை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். விற்ற பணத்தில் நாலில் ஒரு பங்கு புல்லுருவி அறுக்கவும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் என்று கிராம சபையில் தீர்மானமாக எழுதியாயிற்று.

கடைசியாக, மனுப் போட முடிவெடுத்த ஊர்களுக்கு: பழைய வனக்குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வராதீர்கள். அதன் கணக்கில் பணம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தீர்மானப் புத்தகத்தையும், ஊருக்கென்று போட்ட வேலைத் திட்டமான நுண்திட்டத்தையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஓடையில், எந்த வருடம், யார் யார் வேலை செய்தார்கள் என்று அதில் பெயரோடு இருக்கும். நீங்கள் அந்தக் காட்டில் காலங்காலமாகப் புழங்குகிறவர்கள் என்பதற்கு அரசு முத்திரையோடு கிடைக்கிற காகிதங்களில் அதுவும் ஒன்று. படிவம் சி-யோடு முதல் பக்கமாக எங்கள் ஊர் இணைத்தது அதைத்தான்.